சாம்பல் எங்க மாமா?

மாமா ஸ்டோர்ல ஒரு மூலைல எவர்சில்வர் பெட்டி ஒண்ணு கிடக்கு. இப்ப அதுக்கு மேல பழைய சாக்கும் ஒரு காலி கேனும் தான் இருக்கு. அந்தப் பெட்டி கதைய எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சு எழுதாமயே விட்டேன், ஏன்னா அதுல நானும் அசடு வழிஞ்ச கதை இருக்கு. ஆனா போன மாசம் மாமா வாட்ஸ்அப்புல ஒரு வீடியோ அனுப்பிட்டு "இது நெசமா மாப்ள?"ன்னு கேட்டாரு பாருங்க, அதுல இருந்து ரெண்டு கதையும் மண்டைக்குள்ள ஒண்ணாவே ஓடுது.

வீடியோ என்னன்னா, 1989லயே ரெண்டு விஞ்ஞானிங்க தண்ணில இருந்து அணுசக்தி எடுத்துட்டாங்களாம், கோல்டு ஃப்யூஷன்னு பேராம், அதாவது பெரிய சூடு இல்லாமயே அணுக்கருவ இணைக்கிறது, மேசை மேல வைக்கிற கண்ணாடிக் குடுவைலயே எடுத்தாங்களாம், பெட்ரோல் கம்பெனிக்காரன்லாம் சேர்ந்து அமுக்கிட்டானாம். பின்னாடி சோக மியூசிக் வேற. நான் பிஎஸ்சி பிசிக்ஸ் முடிச்சவன், படிச்சது ஒண்ணு பாக்குற வேலை ஒண்ணு, இருந்தாலும் சொந்தக்காரங்க மத்தியில "சயின்ஸ்"னு எந்த ஃபார்வர்டு வந்தாலும் பஞ்சாயத்து எங்கிட்ட தான் வரும்.

மாமாவுக்கு பூப்பாறைக்கு மேல நாலு ஏக்கர் ஏலத்தோட்டம், கூடவே சின்னதா ஒரு ஸ்டோர். வெளியூர்க்காரங்க கடைன்னு நெனச்சுக்காதீங்க, பச்சைக்காய காய வைக்கிற கட்டடத்துக்கு எங்க பக்கம் ஸ்டோர்னு தான் பேரு. வெளிய அடுப்பு, அதுல இருந்து சூட்ட உள்ள கொண்டு போற குழாய், மேல தட்டு தட்டா காய். அம்பது அம்பத்தஞ்சு டிகிரி சூட்டுல கிட்டத்தட்ட ஒரு ராத்திரி ஒரு பகல் காயணும், கூட்டினா நெறம் போயிரும், கொறச்சா பூசணம் பிடிக்கும். காலைல போடில இருந்து ஜீப்புல ஆள் ஏத்தி 17 கொண்டை ஊசி வளைவு ஏறி போடிமெட்டு செக்போஸ்ட் தாண்டினா கேரளா. சாயங்காலம் அதே ஜீப்புல இறக்கம். பச்சைக்காய் 100 கிலோ போட்டா காஞ்சது 20 கிலோ தேறும், மீதி 80 கிலோவும் தண்ணி, ஆவியா போகணும். இந்த 80ஐ ஞாபகத்துல வச்சுக்கோங்க.

சரி பெட்டி. நாலு வருஷம் முன்னாடி ஒரு ஆள் வந்தாரு, எந்த ஊரு என்ன கம்பெனின்னு இங்க வேண்டாம். உள்ள எவர்சில்வர் தகடு, தண்ணி, கொஞ்சம் காரம் (மிளகா காரம் இல்ல, ஆல்கலி), பேட்டரில இருந்து கரண்ட். தண்ணி ஹைட்ரஜனா ஆக்சிஜனா பிரியும், அந்த கேஸ குழாய் வழியா அடுப்புல விட்டா விறகு பாதி மிச்சம்னாரு. 38,000 ரூபா. மாமா வாங்கிட்டாரு. மொத லோடு ஓட்டிப் பாத்தா, வழக்கமா எரியுற விறகுல முக்கால்வாசி கூட ஆகல! மாமாவுக்கு தலைகால் புரியல. நான் பக்கத்துல தான் நின்னேன், படிச்ச பிசிக்ஸ் எல்லாம் எங்க போச்சோ தெரியல, "பரவால்லையே மாமா"ன்னு சொன்னேன். சொல்லிட்டு போட்டோ வேற எடுத்து ஸ்டேட்டஸ் வச்சேன்.

பிடிச்சது பக்கத்து தோட்டத்து சேட்டன். அவரு சின்ன வயசுல சாஸ்திர சாகித்ய பரிஷத் ஆளு, அதாவது கேரளாவுல மக்கள்கிட்ட சயின்ஸ் பரப்புற இயக்கம், சயின்ஸ் நாடகம் போட்டுக்கிட்டு ஊர் ஊரா போனவரு, அவரு வீட்டுல இன்னமும் பரிஷத் அடுப்பு தான் எரியுது. அது ஒண்ணும் மாயமில்ல, காத்து போற வழியையும் சூடு போற வழியையும் ஒழுங்குபடுத்தி விறகு மிச்சம் பண்ற அடுப்பு. அவரு வந்து பெட்டிய பாக்கவே இல்ல, விறக போய் பாத்தாரு. "ஈ விறகு ஏதாணு?"ன்னு கேட்டாரு. அப்பதான் மாமாவுக்கே ஒறச்சது, அந்த லோடுக்கு எரிச்சது போன வருசம் வெட்டி கூரைக்கடியில அடுக்குன நல்லா காஞ்ச விறகு, அதுக்கு முந்தின லோடெல்லாம் மழைல நனைஞ்சது. போதாக்குறைக்கு அந்த வாரம் மழை விட்டிருந்துச்சு, காயும் ஈரம் கம்மி. சேட்டன் சிரிச்சுட்டு "தட்டிப்பாணு மோனே", ஏமாத்து வேலைடா மகனேன்னுட்டு போயிட்டாரு.

அப்புறம் நான் ரோசப்பட்டு தராசு வச்சேன். ஒரு லோடு பெட்டியோட, ஒரு லோடு பெட்டி இல்லாம, மாத்தி மாத்தி ஆறு லோடு. உள்ள போற காய், வெளிய வர்ற காய், எரியுற விறகு எல்லாம் எடை. வித்தியாசம் ஒண்ணும் இல்ல. அப்புறம் தான் உக்காந்து கணக்குப் போட்டேன், முதல்லயே போட்டிருக்கணும்: பெட்டி இழுக்குறது 12 வோல்ட்டுல 15 ஆம்பியர், அதாவது 180 வாட். 20 மணி நேரம் ஓடுனா 13 மெகாஜூல். ஒரு கிலோ காஞ்ச விறகுலயே சுமாரா 15 மெகாஜூல் இருக்கு. பெட்டிக்கு போற கரண்ட் மொத்தமும் சூடா திரும்பி வந்தாக் கூட ஒரு கிலோ விறகுக்கு பெறாது!

இப்ப 1989க்கு போலாம். இந்த விறகு கதை இல்லாம அந்தக் கதைய மாமாவுக்கு என்னால சொல்லிப் புரிய வச்சிருக்கவே முடியாது.

மார்ச் 23, 1989. அமெரிக்காவுல யூட்டா யுனிவர்சிட்டில பிரஸ் மீட். மார்ட்டின் ஃப்ளெய்ஷ்மன், ஸ்டான்லி பான்ஸ்னு ரெண்டு கெமிஸ்ட்ரிகாரங்க. இதுல ஃப்ளெய்ஷ்மன் சாதாரண ஆளு இல்ல, இங்கிலாந்து ராயல் சொசைட்டி ஃபெல்லோ, மின்வேதியியல்ல பெரிய கை. இத ஏன் சொல்றேன்னா, கோல்டு ஃப்யூஷன்னாலே ஃப்ராடுன்னு ஒரு கூட்டம் கமெண்ட் போடும், அது தப்பு, அவங்க சொந்தக் காச போட்டு வருசக்கணக்குல செஞ்சு பாத்தவங்க. செஞ்சது என்னன்னா கனநீர் இருக்குல்ல, ஹைட்ரஜனுக்கு பதிலா அதோட கனமான அண்ணன் டியூட்டீரியம் இருக்குற தண்ணி (தூத்துக்குடியில கூட ஆலை போட்டாங்களே, அதே சரக்கு), அதுக்குள்ள பல்லேடியம் கம்பி ஒண்ணு பிளாட்டினம் கம்பி ஒண்ணு விட்டு கரண்ட் பாய்ச்சுறது. பல்லேடியம் ஒரு விநோதமான உலோகம், ஸ்பாஞ்சு மாதிரி தன் அளவப் போல பல நூறு மடங்கு ஹைட்ரஜன் கேஸ உறிஞ்சும். அப்படி உள்ள போன டியூட்டீரியம் நெருக்கியடிச்சு ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சிடுது, அதான் ஃப்யூஷன், கொடுக்குற சக்திய விட அதிகமா சூடு வருதுன்னாங்க. ஒரு வாட் போட்டா நாலு வாட்னு பேச்சு.

சூரியனோட நடுப்பகுதில 1.5 கோடி டிகிரி சூட்டுலயும் பயங்கர அழுத்தத்துலயும் நடக்குற சமாச்சாரம் இது. பூமில அந்த அழுத்தம் கிடையாதுன்னு 10 கோடி 15 கோடி டிகிரி வரைக்கும் போகணும். ஏன்னா ரெண்டு அணுக்கருவும் பிளஸ், ஒண்ண ஒண்ணு தள்ளும், முட்டி மோத வைக்கணும்னா அவ்ளோ வேகம் வேணும். இத ரூம் டெம்பரேச்சர்ல குடுவைக்குள்ள பண்ணிட்டோம்னா உலகமே ஆடாதா. ஆடுச்சு. யூட்டா மாநில அரசு 50 லட்சம் டாலர் ஒதுக்குச்சு, அங்கங்க லேப்ல பல்லேடியம் வாங்க போட்டி.

ஆனா நெருக்கம்ங்குற வாதமே கொஞ்சம் ஆட்டம் தான். பல்லேடியத்துக்குள்ள இருக்குற ரெண்டு டியூட்டீரியத்துக்கு நடுவுல இருக்குற தூரம், சாதாரண டியூட்டீரியம் கேஸ் மூலக்கூறுக்குள்ள இருக்குற தூரத்த விட ஜாஸ்தி. மாமாகிட்ட சொன்னேன், நம்ம ஜீப்புல 18 பேர அடைக்கிறோம், நெருக்கம் தான், அதுக்காக ஒருத்தரோட ஒருத்தர் ஒட்டிக்கிட்டா இறங்குறாங்க? அவரு அந்த 18ல கோவப்பட்டாரு, "நான் எப்ப 18 ஏத்துனேன், 14 தான்"னு.

சூடு கணக்கு தான் அங்கயும் சிக்கல். தண்ணிய கரண்ட் பிரிச்சா கேஸ் வெளிய போயிரும், போகும்போது கொஞ்சம் சக்தியையும் கொண்டு போகும். அவங்க குடுவை திறந்த குடுவை. அதனால கனநீருக்கு 1.54 வோல்ட்னு ஒரு அளவ, போட்ட சக்தில இருந்து கழிச்சுட்டாங்க, "இது கேஸோட போயிருச்சு"ன்னு. போயிருந்தா சரி. அந்த கேஸ்ல கொஞ்சம் குடுவைக்குள்ளயே திரும்ப சேர்ந்து தண்ணியாச்சுன்னா? அந்த சூடு உள்ளயே வரும், நம்ம கணக்குல அது கழிஞ்சுபோனது, அப்ப "அதிக சூடு"ன்னு காட்டும். எல்லா அதிக சூடும் இதனால தான்னு நான் சொல்ல வரல, அவங்க ஆளுங்க அதுக்கு பதில் சொல்லியிருக்காங்க, ஆனா விறகு ஈரமா காஞ்சதான்னு பாக்காம பெட்டிய பாராட்டுன மாதிரி தானே இது? அமெரிக்காவுல கால்டெக் யுனிவர்சிட்டில நேதன் லூயிஸ்னு ஒருத்தர் அதே சோதனைய ஒண்ணுவிடாம செஞ்சு பாத்துட்டு மே 1, 1989 பால்டிமோர் இயற்பியல் கூட்டத்துல, தண்ணிய சரியா கலக்காம ஒரு எடத்துல மட்டும் டெம்பரேச்சர் பாத்தா தப்பா காட்டும்னு சொன்னாரு. அவருக்கு அதிக சூடும் வரல, வேற எதுவும் வரல. அத விட எளிய கேள்வி ஒண்ணு: கனநீருக்கு பதிலா சாதா தண்ணி ஊத்தி இதே சோதனைய செஞ்சீங்களா? தெளிவா பதில் வரல. பெட்டி இல்லாத லோடு ஓட்டாம பெட்டியோட லோட மட்டும் காட்டுனா எப்படி.

மாமா இங்க ஒரு கேள்வி கேட்டாரு, எனக்கு ரொம்ப பிடிச்சது. "சரி மாப்ள, சூட்ட விடு. அடுப்பு எரிஞ்சுச்சுன்னா சாம்பல் இருக்கணும்ல, அணு எரிஞ்சா சாம்பல் வராதா?"

வரும். ரெண்டு டியூட்டீரியம் இணைஞ்சா கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி ரெண்டு விதமா முடியும். ஒண்ணுல ஹீலியம்-3 கூட ஒரு நியூட்ரான், இன்னொண்ணுல ட்ரிஷியம் (ஹைட்ரஜனோட இன்னும் கனமான பெரியண்ணன்) கூட ஒரு புரோட்டான். மூணாவதா ஹீலியம்-4 வழி ஒண்ணு இருக்கு, அது லட்சக்கணக்குல கோடிக்கணக்குல ஒரு தடவ தான் நடக்கும், அப்பவும் பலமான காமா கதிர் வரும். மொத ரெண்டு வழில ஒரே ஒரு வாட் சூடு வந்திருந்தா விநாடிக்கு சுமாரா ஒரு லட்சம் கோடி நியூட்ரான் கொட்டியிருக்கணும். பக்கத்துல நின்னு நோட்டுல எழுதிக்கிட்டு இருந்த ஸ்டூடன்ட் உயிரோட வீட்டுக்கு போயிருக்க முடியாது. ஃபிசிக்ஸ்காரங்க இதச் சொல்லி கேலியே பண்ணாங்க, சூட்டுக்கு சாட்சி ஆள் செத்திருக்கணும், ஆள் நல்லாத்தானே இருக்காருன்னு. யூட்டாக்காரங்க காட்டுன காமா கதிர் வரைபடத்தையும் எம்ஐடி ஆளுங்க பிரிச்சு மேஞ்சாங்க, அந்த வடிவத்துல அந்த எடத்துல அந்தக் கோடு வரவே முடியாதுன்னு.

எங்க பக்கம் இந்த சாட்சி சமாச்சாரம் இன்னொரு விதமாவும் தெரிஞ்ச கதை. பொட்டிப்புரம் மலைய குடைஞ்சு நியூட்ரினோ (எதையும் ஊடுருவிப் போற குட்டித் துகள்) ஆய்வகம் வைக்கிறோம்னு வந்தாங்கல்ல, ஆதரவு எதிர்ப்புன்னு ஊரே ரெண்டா நின்னுச்சு, அணுக்கழிவு கொட்டப் போறாங்கன்னு கூட பேச்சு. அந்தப் பஞ்சாயத்துக்குள்ள இப்ப போகல, அதுல எனக்கும் ஒரு கருத்து இருக்கு, கமெண்ட்ல அடி வாங்க தெம்பில்ல. ஆனா நியூட்ரினோ விசயத்துல பாருங்க, சூரியனுக்குள்ள ஃப்யூஷன் நடக்குதுன்னு நமக்கு எப்படி தெரியும், யாரும் உள்ள போய் பாக்கல, அங்க இருந்து வர்ற நியூட்ரினோ ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர்லயும் விநாடிக்கு 6,000 கோடி கணக்குல நம்மள தாண்டிப் போகுது, அத வெவ்வேற நாட்டுல பிடிச்சு எண்ணிட்டாங்க. 15 கோடி கிலோமீட்டர் தள்ளி எரியுற அடுப்போட சாம்பல எண்ண முடியுது. மேசை மேல இருக்குற குடுவைல எண்ண முடியலன்னா என்ன அர்த்தம்?

இப்ப எதிர்த்தரப்பு. கோல்டு ஃப்யூஷன் ஆளுங்கல்ல கொஞ்சம் பேரு, எங்களுக்கு ஹீலியம்-4 சாம்பலா வருது, சூட்டுக்கு ஏத்த அளவுல வருதுன்னு சொல்றாங்க. ஆனா ஹீலியம் காத்துலயே பத்து லட்சத்துல அஞ்சு பங்கு இருக்கு, கண்ணாடி வழியா கூட ஊடுருவும். இதே பல்லேடியத்த வச்சு 1926ல பெர்லின்ல பானெத், பீட்டர்ஸ்னு ரெண்டு பேரு ஹைட்ரஜன ஹீலியமா மாத்திட்டோம்னு எழுதிட்டு, அடுத்த வருசமே அது கண்ணாடில இருந்தும் காத்துல இருந்தும் வந்த ஹீலியம்னு தாங்களே சொல்லி வாபஸ் வாங்கிட்டாங்க. அந்த நேர்மைக்கு ஒரு சலாம் போட்டே ஆகணும்.

நம்ம நாட்டு பங்கு இதுல சின்னது இல்ல. பாம்பே பாபா அணு ஆராய்ச்சி மையத்துல அப்ப டைரக்டர் பி.கே.ஐயங்கார், 1974 பொக்ரான் குண்டு வெடிப்புல முக்கியமா இருந்தவர். யூட்டா செய்தி வந்த ஒரு மாசத்துக்குள்ள அங்க பல டீம் இறங்கிடுச்சு. அவங்களுக்கு நியூட்ரானும் வந்துச்சு, ட்ரிஷியமும் வந்துச்சு, ஆனா பாதிக்குப் பாதி இருக்க வேண்டிய எடத்துல நியூட்ரான ட்ரிஷியம் கோடி மடங்கு கணக்குல மிஞ்சி நின்னுச்சு. கனநீர் உலைங்களோட பொழங்குற எடத்துல ட்ரிஷியம் எங்கயாவது ஒட்டிக்கிட்டு வர்றது பெரிய அதிசயமான்னு எனக்கு ஒரு சந்தேகம், ஆனா ஐயங்கார் கடைசி வரைக்கும் இத விடல, திரும்ப ஆராய்ச்சி பண்ணுங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. 2011 பிப்ரவரில இந்தத் துறையோட உலக மாநாடு நம்ம சென்னைல தான் நடந்துச்சு. 2015ல கரன்ட் சயின்ஸ் பத்திரிகை இதுக்குன்னு தனிப் பகுதியே போட்டுச்சு. அப்ப "அமுக்கிட்டான்"ங்குறது எங்க இருந்து வருது? பிரான்ஸ்ல டொயோட்டா காசுல ஃப்ளெய்ஷ்மனுக்கும் பான்ஸுக்கும் லேப் போட்டுக் குடுத்து 1998 வரைக்கும் நடத்துனாங்க. ஜப்பான் அரசு செலவழிச்சுச்சு. கூகுள் 2015ல இருந்து ஒரு கோடி டாலர் போட்டு, நல்ல நல்ல லேப் ஆளுங்கள சேர்த்து, மறுபடி முதல்ல இருந்து தேடுங்கன்னு விட்டுச்சு, 2019ல நேச்சர் பத்திரிகைல முடிவு வந்துச்சு: ஒண்ணும் கிடைக்கல. இவ்ளோ காசு குடுத்து யாராவது அமுக்குவானா.

மாமாவுக்கு இன்னொரு அதிர்ச்சி குடுத்தேன். கோல்டு ஃப்யூஷன் நெசமாவே ஒண்ணு இருக்கு. மியுவான்னு ஒரு துகள், எலக்ட்ரான் மாதிரியே ஆனா 200 மடங்கு கனம். அது ஹைட்ரஜன் மூலக்கூறுல எலக்ட்ரான் எடத்துல உக்காந்தா ரெண்டு அணுக்கருவும் 200 மடங்கு கிட்டக்க வந்துரும், குளிர்லயே இணைஞ்சிரும், எந்த சந்தேகமும் இல்லாம சாம்பலோட. 1956ல பெர்க்லில ஆல்வரெஸ் டீம் கண்ணால பாத்துச்சு. சிக்கல் என்னன்னா மியுவான் ஆயுசு ஒரு விநாடில பத்து லட்சத்துல ரெண்டு பங்கு. அதுக்குள்ள ஓடி ஓடி 150 ஃப்யூஷன் வரைக்கும் செஞ்சு வைக்கும், கல்யாணத் தரகர் மாதிரி. ஆனா அந்தத் தரகர உருவாக்க ஆகுற செலவு, அவரு செஞ்சு வைக்கிற கல்யாணத்துல வர்ற வரவ விட ரெண்டு மடங்கு. இந்தத் துறைல இருந்த ஸ்டீவன் ஜோன்ஸ் யூட்டாவுலயே பக்கத்து யுனிவர்சிட்டில இதே மாதிரி சோதனை பண்ணிக்கிட்டு இருந்தாரு, அவரு முந்திக்குவாரோங்குற பயத்துல தான் அந்த பிரஸ் மீட்டே அவசரமா நடந்துச்சு. பேப்பர் வர்றதுக்கு முன்னாடி டிவி. அவசரத்துல அள்ளித் தெளிச்ச கோலம்.

எனக்கு கோவம் வர்றது ஃப்ளெய்ஷ்மன் மேல இல்ல, பூட்டுன பெட்டிக்காரங்க மேல தான். 2011 ஜனவரில இத்தாலி பொலோன்யால ஆண்ட்ரியா ரோஸி ஈ-கேட்னு ஒரு மெஷின காட்டுனாரு, நிக்கலும் ஹைட்ரஜனும் சேர்ந்து எக்கச்சக்க சூடுன்னாரு, உள்ள என்ன இருக்குன்னு கேட்டா ரகசியம். ஒரு அமெரிக்க கம்பெனி ஒரு கோடி டாலருக்கு மேல குடுத்துச்சு, கடைசில கோர்ட்டுக்கு போய் 2017ல சமரசம். இன்னிக்கு வரைக்கும் அதுல ஓடுற ஊரு எங்கயும் இல்ல. ராஜபாளையம் பக்கத்துல இருந்து 1996ல ராமர் பிள்ளையோட மூலிகை பெட்ரோல் வந்தப்ப நான் ஸ்கூல் பையன், எங்க தெருவுல எல்லாரும் நம்பினோம், டெல்லி வரைக்கும் போனாருன்னு பெருமை வேற. மூலிகைய காட்டுங்கன்னு கேட்ட எடத்துல தான் அதுவும் நின்னுச்சு.

வீடியோக்காரன் பண்ணுன பெரிய அநியாயம், கோல்டு ஃப்யூஷனையும் சூடான ஃப்யூஷனுக்கு இருக்குற மாற்று வழிகளையும் ஒரே சாக்குல கட்டுனது. ஃப்ரான்ஸ்ல பல நாடு சேர்ந்து கட்டிக்கிட்டு இருக்குற ஐடிஇஆர்ங்குற ஃப்யூஷன் உலை தான் பெரிய அடுப்பு, டோகமாக்னு பேரு, வடை மாதிரி வளையத்துக்குள்ள காந்தத்தால பிளாஸ்மாவ (சூட்டுல எலக்ட்ரான் பிரிஞ்சு போன கேஸ்) பிடிச்சு வைக்கிறது, நம்ம நாடும் பங்காளி, அதோட வெளிக்கூடு 3,850 டன், அதுக்கான பாகங்கள் குஜராத் ஹசீரால எல் அண்ட் டி செஞ்சது. நெஜமான டியூட்டீரியம்-ட்ரிஷியம் சோதனை 2039னு இப்ப சொல்றாங்க. 1955 ஜெனீவா மாநாட்டுல ஹோமி பாபா ரெண்டு பத்தாண்டுல கட்டுப்பாடான ஃப்யூஷன் வந்துரும்னு சொன்னாரு, அவரே ஏமாந்தாருன்னா நாம எம்மாத்திரம்.

இவ்ளோ பெருசா வேணாம், வேற வழில போலாம்னு கெளம்புனவங்க தான் மாற்று ஆளுங்க. அமெரிக்காவுல டிஏஇ (TAE)ன்னு ஒரு தனியார் கம்பெனி புரோட்டானையும் போரானையும் இணைக்கப் பாக்குது, அதுல நியூட்ரான் தொல்லை ரொம்ப கம்மி, ஆனா 100 கோடி டிகிரிக்கு மேல வேணும். ஜெனரல் ஃப்யூஷன் சுத்துற திரவ உலோகத்துக்கு நடுவுல பிளாஸ்மாவ விட்டு பிஸ்டன் வச்சு நசுக்கப் பாக்குது. ஹீலியான் ரெண்டு பிளாஸ்மா உருண்டைய எதிரெதிரா மோத விட்டு, டர்பைனே இல்லாம நேரா கரண்ட் எடுக்கப் போறோம்னு, 2028ல மைக்ரோசாஃப்டுக்கு கரண்ட் தர்றோம்னு 2023லயே ஒப்பந்தம் போட்டுருச்சு. ஜெர்மனில வெண்டெல்ஸ்டைன்னு முறுக்கு மாதிரி பின்னுன காந்தக்கூண்டு. அந்த முறுக்கு வகைக்கு ஸ்டெல்லரேட்டர்னு பேரு, அது பொறந்த கதை செம: 1951ல அர்ஜென்டினா அதிபர் பெரோன், எங்க விஞ்ஞானி ஃப்யூஷன் பண்ணிட்டாருன்னு அறிவிச்சாரு, சுத்தப் பொய்யின்னு பின்னாடி தெரிஞ்சுச்சு, ஆனா அந்தச் செய்திய கேட்டுட்டு பனிச்சறுக்கு விளையாட போன லைமன் ஸ்பிட்ஸர், அப்ப எப்படித்தான் பண்ணுவாங்கன்னு யோசிச்சு யோசிச்சு கண்டுபிடிச்சது தான் ஸ்டெல்லரேட்டர். பொய் சேதி கேட்டு போன எடத்துல பொண்ணு அமைஞ்ச மாதிரி.

இவங்க எல்லாருமே சூடான பார்ட்டி. அடிப்படை இயற்பியல்ல யாருக்கும் சண்டை இல்ல, நியூட்ரான் எண்ணி காட்டுறாங்க, கேள்வி எல்லாம் முடியுமா, கட்டுப்படியாகுமாங்குறது தான். 2025ல கனடாவுல ஒரு டீம் பல்லேடியத்துக்குள்ள கரண்ட் வச்சு டியூட்டீரியத்த இன்னும் அடைச்சு, வெளிய இருந்தும் வேகமா அடிச்சா ஃப்யூஷன் 15 சதவீதம் கூடுதுன்னு நேச்சர்ல போட்டாங்க. யூட்டா பல்லேடியம் வேற ரூபத்துல திரும்ப வந்துருச்சு, நியூட்ரானோட, கணக்கோட. வர்ற சக்தி போடுற சக்தில தூசு தான், அவங்களே அத சொல்லிட்டாங்க.

மாமாவுக்கு சதவீதம் எல்லாம் வேணாம், ஏலக்காய்ல சொல்லுன்னாரு. சொன்னேன். டிசம்பர் 5, 2022ல அமெரிக்காவுல என்ஐஎஃப்ங்குற லேசர் ஃப்யூஷன் ஆய்வகத்துல லேசர் 2.05 மெகாஜூல் அடிச்சு 3.15 மெகாஜூல் ஃப்யூஷன் வந்துச்சு, போட்டத விட அதிகமா வந்த மொத தடவை, உலகமே கொண்டாடுச்சு. அந்த 3.15ஐ வச்சு பச்சத்தண்ணில ஆரம்பிச்சு ஒண்ணே கால் லிட்டர் தண்ணிய ஆவியாக்கலாம். நமக்கு 80 லிட்டர் வேணும், 100 கிலோ காய்க்கு. ஆனா அந்த லேசர ஓட்ட லைன்ல இருந்து இழுத்தது 300 மெகாஜூல், அதுல நம்ம 80 லிட்டரும் போய் மிச்சமும் இருக்கும். மாமா கொஞ்ச நேரம் பேசல. "அப்ப அவனுக்கும் விறகு தான் ஜாஸ்தி ஆகுது"ன்னாரு.

ஆமா. ஆனா அவங்க விறகு எவ்ளோன்னு மறைக்கல, அதான் நானும் சேட்டனும் ஒத்துப்போன ஒரே எடம். சேட்டன் ஹீலியான் மேல நம்பிக்கை இல்லாதவரு. மாமா அப்படி இல்ல, 38,000 ரூபா பாடத்துக்கு அப்புறமும் மனுசனுக்கு ஆசை போகல, 2028ல கரண்ட் வந்தே தீரும்னு நிக்கிறாரு. நான் வராதுன்னேன். பந்தயம் எட்டு எம்எம் காய் ஒரு கிலோ, ஏலத்துல நல்லா போற நேரத்துல அது சின்ன தொகை இல்ல. அடுப்புக்கரி எடுத்து ஸ்டோர் செவுத்துல எழுதி வைக்கச் சொன்னோம், லோடு கணக்கு எழுதுற எடத்துக்கு பக்கத்துலயே. சேட்டன் தான் நடுவர், அதனால அவரே எழுதுனாரு, மலையாளத்துல. முப்பது வருசமா கேரளாவுல விவசாயம் பண்ணியும் மாமாவுக்கு மலையாளம் பேசத்தான் வரும், படிக்க வராது, எனக்கும் வராது.